காரைக் கம்பெனியில் விடுவதா, வெளியில் விடுவதா?

இலவச சர்வீஸ்கள் முடிந்து, கூலியும் சேர்ந்த முதல் பில் கைக்கு வரும்போதுதான் கார் வைத்திருப்பவர்களிடையே இந்தப் பேச்சு சூடு பிடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு கட்சி; வெளிப் பட்டறையில் விட்டால் வண்டியைக் குதறிவிடுவார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிடமும் சொல்லிக் காட்டக் கதைகள் இருக்கின்றன. அந்தக் கதைகளைத் தொடர்ந்து கேட்டு வந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. இரு தரப்பின் தவறுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

சர்வீஸ் சென்டர் தவறு செய்தால் பெரும்பாலும் தேவைக்கு மேல் செய்கிறது. இன்னும் ஓடக்கூடிய பாகத்தை மாற்றுகிறது, கேட்காத வேலையை பில்லில் சேர்க்கிறது. பட்டறை மெக்கானிக் தவறு செய்தால் பெரும்பாலும் குறைவாகச் செய்கிறார். மாற்ற வேண்டியதை ‘இன்னும் ஓடும்’ என்று விட்டுவிடுகிறார், காருடன் வந்த கையேடு கேட்கும் ஆயில் கடையில் இல்லையென்றால் இருப்பதை ஊற்றிவிடுகிறார். ஆகவே ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்வதைவிட, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்த வேலையில் மிகை நடந்தால் நஷ்டம் அதிகமா, குறை நடந்தால் நஷ்டம் அதிகமா? மிகையில் போவது பணம். குறையில் போவது சில நேரம் இன்ஜின், சில நேரம் பிரேக்.

முதலில் ‘கம்பெனி’ என்று நாம் சொல்லும் இடத்தைப் பற்றி. அது கார் தயாரித்த நிறுவனம் நடத்தும் இடமன்று. அந்த நிறுவனத்தின் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கிய டீலரின் தொழில். பயிற்சி, சிறப்புக் கருவிகள், ஸ்கேனர், அசல் பாகங்கள், வாரண்டி வேலைக்கான பணம் ஆகியவை தயாரிப்பாளரிடமிருந்து வருகின்றன. வாடகையும் சம்பளமும் டீலருடையவை. புதுக் கார் விற்பதில் அவருக்குக் கிடைப்பது மெல்லிய லாபம். சர்வீஸும் உதிரிபாகமும் இன்சூரன்ஸும்தான் கடையைத் தாங்குகின்றன. வரவேற்பில் உட்காரும் சர்வீஸ் அட்வைசருக்கு மாதாந்திர இலக்கு இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் பேசும் பல வாக்கியங்கள் புரிந்துவிடும்.

வாரண்டி இருக்கும்வரை

வாரண்டி காலத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: கம்பெனியில்தான் விட வேண்டும். மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தன் வழக்கமான வாரண்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. இந்த இடைவெளிக்குள் ஸ்டீயரிங் மோட்டாரோ ஏ.சி. கம்ப்ரஸரோ போனால் கைக்காசு இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் கேட்கும் விலை, குறித்த கிலோமீட்டரில் குறித்த சர்வீஸ் அவர்களிடம் நடந்திருக்க வேண்டும் என்பது. இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு என்பதை முதல் முறை போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வெளியில் ஒரு முறை ஆயில் மாற்றினாலே வாரண்டி முழுவதும் போய்விடுமா? சட்டத்தின் பார்வை அவ்வளவு கறாரானதில்லை. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகியவற்றின் மீதான புகாரில் தொடங்கிய விசாரணையில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தது. கொள்கை நம் பக்கம்தான். ஆனால் கியர்பாக்ஸ் போய் வண்டி நின்றுகிடக்கும்போது டீலரின் கவுன்ட்டரில் நின்று ஆணைய உத்தரவை வாசித்துக் காட்டுகிறவருக்கு வண்டி எப்போது திரும்பிவரும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டில் மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக அந்த வழக்காடலை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

கம்பெனியில் விடுவது வேறு, கம்பெனி சொல்வதையெல்லாம் செய்துகொள்வது வேறு. மிகையைத் தடுக்க வேண்டிய இடம், செய்யப்போகும் வேலைகளை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டு. ஒரு 40,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு அட்வைசர் போடும் எஸ்டிமேட்டை வரி வரியாகப் பாருங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் பிளக் வாஷர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் என்று மேல்பாதி நியாயமாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி சுத்தம், ஏ.சி. கிருமிநீக்கம், அடிப்பகுதிக்கு துருத் தடுப்புப் பூச்சு, உள்புறச் சுத்தம், சைலன்சர் கோட்டிங் என்று ஒரு வால் நீளும். காருடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். அதை எடுத்துவைத்து ஒப்பிட்டால் வாலில் பெரும்பாலானவை அங்கே காணாது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி ஏதாவது தொந்தரவு கொடுத்தால் சுத்தம் செய்ய வேண்டியதுதான். நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடும் வண்டிக்கு எதற்கு?

‘கையேட்டு அட்டவணையில் உள்ளது மட்டும், கூடுதல் வேலைக்கு முன் அனுமதி’ என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் எழுதுவார்கள்; முகம் மட்டும் சற்றுச் சுருங்கும். அதன்பிறகு நண்பகல் வாக்கில் ஒரு தொலைபேசி வரும். “சார், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடட்டுமா?” எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். புதுப் பேடின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு அருகில் வந்தால் மாற்ற வேண்டும். “பாதிக்கு மேல் போய்விட்டது சார்” என்ற பதில் அளவு ஆகாது. படம் எடுத்து அனுப்பச் சொன்னால் சில நேரம் அந்த வேலையே தேவைப்படாமல் போய்விடுகிறது.

வெளியில் விடும்போது

வாரண்டி முடிந்த பெட்ரோல் கார், சாதாரண மேனுவல் கியர், பெரிய மின்னணு வேலைகள் இல்லை என்றால் நல்ல பட்டறை எனக்கு மேலாகப் படுகிறது. சின்ன ஹேட்ச்பேக்கின் ஆண்டு சர்வீஸ் கம்பெனியில் 5,000 முதல் 8,000 ரூபாய்வரை இழுக்கும் இடத்தில், அதே வேலை பட்டறையில் 3,500 முதல் 5,000-க்குள் முடிவது வழக்கம். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் இது மாறும். அசல் பாகத்தின் பெட்டியில் அச்சிட்ட விலை இரண்டு இடத்திலும் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு எல்லா இடத்திலும் 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். ஆக, வித்தியாசம் வருவது கூலியிலும் நான் மேலே சொன்ன வாலிலும். வாலை வெட்டிவிட்டால் கம்பெனிக்கும் பட்டறைக்கும் இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறைவு.

எனக்குப் பட்டறை மேலாகப் படுவதற்குப் பணம் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், வண்டியில் கை வைப்பவரிடமே பேச முடிவது. கம்பெனியில் நாம் சத்தத்தை அட்வைசரிடம் சொல்கிறோம். அவர் ‘முன்பக்கம் சத்தம்’ என்று இரண்டு சொல்லில் எழுதுகிறார். உள்ளே இருக்கும் டெக்னீஷியன் அந்த இரண்டு சொல்லை வைத்துத் தேடுகிறார். பட்டறையில் மெக்கானிக் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருகிறார். இடது பக்கம் திருப்பும்போது மட்டும் வருகிறதா, வேகத்தடையில் ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்கிறார். லிங்க் ராடா, சஸ்பென்ஷன் புஷ்ஷா, மேல் மவுன்ட்டா என்று அந்தத் தெருமுனைக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அப்படி ஒருவர் முன்சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையால் புஷ்ஷை நெம்பி, ரப்பர் எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டியபோது, எதற்குப் பணம் கொடுக்கிறேன் என்பது கண்ணுக்கே தெரிந்தது. கம்பெனியில் அந்தக் கதவுக்கு உள்ளே வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி கொடுப்பார்கள்.

இப்போது பட்டறையின் குறைகளுக்கு வருவோம். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது ஆயில், இதுதான் பெரியது. இன்றைய சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் மிக மெல்லிய ஆயிலைக் கேட்கின்றன. மாருதியின் டூயல்ஜெட் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 என்ற ரகம். பட்டறை அலமாரியில் அது இருப்பது அபூர்வம். “நம் ஊர் வெயிலுக்கு கெட்டியான ஆயில்தான் நல்லது” என்ற வாதத்தோடு வேறொன்றை ஊற்றிவிடுவார்கள். பெட்ரோல் காரில் அதனால் உடனே ஒன்றும் உடைந்துவிடாது, மைலேஜ் சற்றுக் குறையும். பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் காரில் கதை வேறு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயில் ஊற்றினால் எரிந்த ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் படிந்துகொண்டே போகும். கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியை மாற்றும் செலவில் பல ஆண்டு சர்வீஸ் செய்துவிடலாம். தீர்வு எளியது: கையேட்டில் உள்ள ரகத்தை நீங்களே சீல் உடையாத டின்னாக வாங்கிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டறையின் இன்னொரு சாதகமும் இதுதான். கம்பெனியில் ஆயில் பீப்பாயிலிருந்து குழாய் வழியே வருகிறது, உள்ளே போனது எது, எவ்வளவு என்பதை நாம் பார்ப்பதில்லை.

இரண்டாவது கூலன்ட். ரேடியேட்டர் தொட்டியில் அளவு குறைந்திருந்தால் பட்டறைக் குழாயைத் திறந்து போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் சாகவில்லை. நம்மூர்க் கடினத் தண்ணீரில் உப்புப் படிந்து, ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் காலப்போக்கில் அதற்கு விலை கொடுக்கும். கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர் டிக்கியில் கிடக்கட்டும்.

மூன்றாவது டூப்ளிகேட் பாகம். இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகத்தை அந்த நிறுவனமே செய்வது குறைவு. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் பாகங்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா ஆகிய இரண்டும் சென்னை பாடியில் வளர்ந்தவை. பிரேக் பேட் செய்யும் ரானேயும் சென்னையில் தொடங்கியதுதான். இவர்கள் கார் ஆலைகளுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியிலும் கடைக்கு அனுப்புகிறார்கள். சொந்தப் பெட்டியில் வருவது விலை குறைவு, தரத்தில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆபத்து, பெயரே இல்லாத மூன்றாம் ரகத்தில்தான். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பாக எண்ணைச் சொல்லிப் பெட்டியோடு வாங்கி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். அவரே வாங்கினால் காலிப் பெட்டியையும் கழற்றிய பழைய பாகத்தையும் டிக்கியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி, வீல் அலைன்மென்ட் போன்றவற்றைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எங்கே அருகில் இருக்கிறதோ அங்கே செய்துகொள்ளலாம்.

இரண்டும் வேண்டாத வேலைகள்

சில வேலைகளுக்கு இரண்டையும் தாண்டி அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறவரிடம் போவதே சரி. ஏ.சி. அதற்கு முதல் உதாரணம். குளிர்ச்சி குறைகிறது என்று கம்பெனிக்குப் போனால் கேஸ் நிரப்பித் தருவார்கள். மறுபடியும் குறைந்தால் டாஷ்போர்டை இறக்கிக் கூலிங் காயிலை மாற்ற எஸ்டிமேட் வரும். கார் ஏ.சி. கடைக்காரர் முதலில் கேஸை வெளியே எடுத்து, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்கிறார். பல நேரம் குற்றவாளி ஒரு சிறிய ஓ-ரிங்காகவோ, முன்பக்கம் கல் பட்ட கண்டென்ஸராகவோ இருக்கும். நாள் முழுவதும் அதையே செய்கிறவருக்குக் கை பழகியிருக்கிறது. டிங்கரிங், பெயிண்டிங் வேலையும் அப்படித்தான். சின்னக் கீறலுக்குக் கம்பெனிக்குப் போவது வீண்.

எதிர்முனையில், எவ்வளவு திறமையான மெக்கானிக் கிடைத்தாலும் கம்பெனிக்கே போக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஏர்பேக், ஹைபிரிட் கார், மின்சாரக் கார். உயர் மின்னழுத்த பேட்டரியைத் திறக்கத் தனிப் பயிற்சி வேண்டும். மின்சாரக் கார்களின் பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 ஆண்டோ அதற்கு மேலோ நீள்கிறது. இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது அறிவீனம். குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைக்கும் ரீகால் அறிவிப்பும் இந்தப் பட்டியலில்தான் வரும். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதித்து மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. அப்படி வரும் வேலை இலவசம். ஆண்டுக்கணக்கில் வெளியிலேயே விட்டுவருகிறவர்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். வீடும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தால் அறிவிப்பு உங்களைத் தேடி வராது.

விபத்துக்குப் பின்னான வேலையைத் தீர்மானிப்பது இன்சூரன்ஸ். பில்லை இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வேண்டுமென்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும், அதில் டீலர்களே அதிகம். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ வசதி இல்லாத பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலை நம் தலையில் விழும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். நான்கு முதல் ஐந்து வயதான காருக்கு 35 சதவீதம். அப்போது பம்பரை மாற்றுவதைவிடச் சூடு காட்டி நிமிர்த்தி பெயிண்ட் அடிக்கும் வெளிப் பட்டறை, கிளெய்ம் போடாமலேயே மலிவாக முடித்துவிடும். கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸும் தப்பும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை பார்த்தது அதைத்தான்: தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், படம் எடுத்துவைத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு டீலரிடம் விட வேண்டும். வரிசை நீளமாகத்தான் இருக்கும். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் அங்கேதான் வருவார்.

எந்த மெக்கானிக்?

கம்பெனி எது என்பதில் தேர்வு அதிகம் இல்லை. மெக்கானிக்கில்தான் தேர்வு முழுவதும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நல்ல பட்டறை வைத்திருப்பவர்கள் பலரும் ஏதாவது ஒரு டீலரிடம் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் தனியாக வந்தவர்கள். உங்கள் காரின் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பட்டறைக்குள் அதே மாடல் கார்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கிறாரா, அதில் வரும் பிழைக் குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றச் சொல்கிறாரா, வயரையும் கனெக்டரையும் முதலில் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். முதல் தடவை சின்ன வேலை கொடுத்துப் பார்க்கலாம். “இது எனக்குத் தெரியாது அண்ணே, கம்பெனிக்கே கொண்டுபோய்விடுங்கள்” என்று ஒரு தடவையாவது சொல்கிறவரை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

ஆண்டு மொத்த விற்றுவரவு 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவான பட்டறைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆகவே ஜி.எஸ்.டி. இல்லாத பில் என்றாலே சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், ஊற்றிய ஆயில் ரகம் நான்கும் எழுதிய ஒரு தாள் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் அதுதான் சாட்சி, காரை விற்கும்போதும் அதுதான் சாட்சி. வாங்குகிறவர் பதிவு எண்ணைக் கொடுத்து டீலரிடம் சர்வீஸ் வரலாறு கேட்பார். அங்கே நடுவில் நின்றுபோயிருந்தால் உங்கள் கோப்பு பேச வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டிய காருக்கு யாரும் அவ்வளவு துருவுவதில்லை.

ஃபோர்டு வைத்திருப்பவர்களின் நிலை தனி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. சர்வீஸ் தொடர்கிறது, இடங்கள்தான் சுருங்கிவிட்டன. ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் ரகம் தப்பினால் பெல்ட் நைந்து, அதன் துகள் ஆயில் பம்பின் வலையை அடைக்கும். அந்த பெல்ட்டை மாற்றும்போது டைமிங்கைப் பிடித்துவைக்கத் தனிக் கருவி வேண்டும். பக்கத்து மாவட்டம்வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு டீலர், அல்லது அந்தக் கருவி கையில் உள்ள பழைய ஃபோர்டு ஆள். மீதி அத்தனையும் தெருமுனைப் பட்டறையில் நடக்கும்.

பத்து வயதுக்கு மேல் ஆன கார் என்றால் டீலருக்கே ஆர்வம் போய்விடுகிறது. பாகத்துக்கு ஆர்டர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பார்கள். அப்போது மெக்கானிக் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்கு ஆள் அனுப்புவார். சைடு மிரர், ஹெட்லைட், கதவின் கைப்பிடி, பவர் விண்டோ மோட்டார் அங்கிருந்து வந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. பிரேக் காலிப்பரும் ஸ்டீயரிங் ராக்கும் சீட் பெல்ட்டும் பழைய இரும்புக் கடையிலிருந்து வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிது வரும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும்.